பிஎஸ்என்எல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பிஎஸ்என்எல்லை மூடப் போறாங்களாமே, லைனை வேற கம்பெனிக்கு மாத்திடலாமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். தொலைபேசித் துறை காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் அந்த லைன் இருக்கிறது. அந்தக் கம்பெனியைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் விடாமல் படிப்பேன் என்பதும் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மூடத்தான் போகிறார்களா?

இல்லை. இந்தப் பேச்சு வலுவாக அடிபட்டது 2019-இல். அந்த ஆண்டு பிப்ரவரி மாதச் சம்பளம் தாமதமானது. கம்பெனி தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. இழுத்து மூடிவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அக்டோபரில் மத்திய அமைச்சரவை மூடுவதற்குப் பதிலாக மீட்பது என்று முடிவெடுத்தது. அதன் பிறகு 2022-லும் 2023-லும் மேலும் இரண்டு முறை நிதி ஒதுக்கப்பட்டது. 2024-25 நிதியாண்டின் மூன்றாம் காலாண்டில் 262 கோடி ரூபாய் லாபம் வந்தது. 2007-க்குப் பிறகு லாபம் காட்டிய முதல் காலாண்டு அது. அடுத்த காலாண்டிலும் லாபம்தான். முழு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இன்னும் நஷ்டம், ஆனால் முந்தைய ஆண்டின் நஷ்டத்தில் பாதிக்கும் குறைவு. ஆகவே மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் லைனை மாற்ற வேண்டாம். உங்கள் தெருவில் சேவை சரியில்லை என்றால் மாற்றுங்கள், அது வேறு விஷயம்.

இது யாருடைய கம்பெனி? எப்போது தொடங்கியது?

நூறு சதவீதம் மத்திய அரசுடையது. பங்குச் சந்தையில் இல்லை, தனியார் யாருக்கும் ஒரு பங்குகூட கிடையாது. கம்பெனியாகச் செயல்படத் தொடங்கியது 2000 அக்டோபர் 1-ஆம் தேதி. அதுவரை அரசுத் துறையே நேரடியாகப் போன் நடத்திக்கொண்டிருந்தது.

வேர் இன்னும் பின்னால் போகிறது. 1882 ஜனவரியில் சென்னை எர்ரபாலு செட்டி தெருவில் எக்ஸ்சேஞ்ச் திறந்தது ஒரு தனியார் ஆங்கிலேயக் கம்பெனி. பிற்பாடு எல்லாம் அரசின் கைக்கு வந்து, தபாலும் தந்தியும் போனும் ஒரே துறையாக இருந்தன. 1985-இல்தான் தபால் தனி, தொலைத்தொடர்பு தனி என்று பிரித்தார்கள். பழைய ஆட்கள் இன்றும் பிஎஸ்என்எல் ஆபீஸை "டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்" என்று சொல்வது அந்தப் பழக்கம்தான்.

எம்டிஎன்எல், விஎஸ்என்எல் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை வேறா?

வேறு. டெல்லிக்கும் மும்பைக்கும் மட்டும் 1986-இல் தொடங்கியது எம்டிஎன்எல். வெளிநாட்டுத் தொடர்புக்கு அதே ஆண்டு தொடங்கியது விஎஸ்என்எல். 2002-இல் அது டாடாவிடம் போய்விட்டது. எம்டிஎன்எல் கடனில் மூழ்கிவிட்டதால் அதன் சேவைகளையும் இப்போது பிஎஸ்என்எல்லே கவனித்துக்கொள்கிறது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஃபைபர் இழுக்க 2012-இல் ஏற்படுத்திய பிபிஎன்எல் நிறுவனத்தை பிஎஸ்என்எல்லோடு இணைக்க 2022-இல் அமைச்சரவை முடிவெடுத்தது.

ஒரு காலத்தில் லாபம் கொழித்த கம்பெனி எப்படி நஷ்டத்துக்குப் போனது?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். 2004-05-இல் பிஎஸ்என்எல்லின் நிகர லாபம் 10,000 கோடி ரூபாய்க்கு மேல். 2009-10-இல் முதல் நஷ்டம், 1,800 கோடிக்குச் சற்று மேல். 2019-20-இல் சுமார் 15,500 கோடி நஷ்டம். இடையில் நடந்தது என்ன?

2002 அக்டோபரில் செல்போன் சேவைக்குள் வந்தார்கள். தனியார் கம்பெனிகள் வந்து ஏழு வருடம் கழித்து. அப்படியும் வந்த வேகத்தில் ஜனங்கள் மொய்த்தார்கள். தமிழ்நாட்டில் 94433, 94434 என்று தொடங்கும் நம்பர்கள் அந்தக் காலத்துச் சொத்து. இன்றும் பல டாக்டர்கள், கடைக்காரர்கள் அந்த நம்பரை விடாமல் வைத்திருப்பதைப் பார்க்கலாம். 2006 மார்ச்சில் இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று எஸ்டிடி கட்டணத்தைக் குறைத்ததும் பிஎஸ்என்எல்லும் எம்டிஎன்எல்லும்தான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கட்டணம் நாலில் ஒரு பங்குதான் என்று எஸ்டிடி பூத் வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஒரு ரூபாயின் அருமை தெரியும்.

வாடிக்கையாளர் குவிந்தால் கருவிகள் வாங்க வேண்டும். இங்கேதான் அடி விழுந்தது. 4.55 கோடி இணைப்புகளுக்கான பெரிய டெண்டர் 2007-இல் பாதியாக வெட்டப்பட்டது. அடுத்து 9.3 கோடி இணைப்புகளுக்கான டெண்டர் இழுத்துக்கொண்டே போய் 2010-இல் கைவிடப்பட்டது. தனியார் கம்பெனி இன்று முடிவு செய்து அடுத்த மாதம் டவர் போடும். இவர்கள் டெண்டர், புகார், வழக்கு, கமிட்டி என்று வருடங்களைத் தொலைத்தார்கள். இந்தியச் சந்தை ராட்சத வேகத்தில் வளர்ந்த மூன்று நான்கு ஆண்டுகள் அவை. நழுவிய வாடிக்கையாளர் திரும்பி வரவில்லை.

அதே 2010-இல், 3ஜி அலைக்கற்றைக்கும் பிராட்பேண்ட் வயர்லெஸ் அலைக்கற்றைக்கும் சேர்த்து சுமார் 18,500 கோடி ரூபாயை அரசுக்குக் கட்டினார்கள். தனியார் தங்களுக்கு வேண்டிய வட்டங்களை (தொலைபேசிக் கணக்கில் வட்டம் என்றால் ஏறக்குறைய ஒரு மாநிலம்) ஏலத்தில் தேர்ந்தெடுத்து எடுத்தார்கள். பிஎஸ்என்எல்லுக்கு அந்தத் தேர்வு கிடையாது. எம்டிஎன்எல்லின் டெல்லியும் மும்பையும் நீங்கலாக நாடு முழுக்க எடுத்தாக வேண்டும், ஏல விலையைக் கொடுத்தாக வேண்டும். கையிருப்பு அதில் கரைந்தது. நஷ்டத்துக்கு நடத்திய கிராமத்து லேண்ட்லைன்களை ஈடுகட்ட தனியார் கம்பெனிகள் செலுத்திவந்த கட்டணமும் 2008-இல் நின்றுபோனது. கிராமத்து லைன் மட்டும் நிற்கவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது தனியார் கம்பெனிகளே மூச்சுத் திணறின. கையில் 4ஜி இல்லாத பிஎஸ்என்எல் என்ன செய்ய முடியும்?

ஊழியர்கள் வேலை செய்யாததால்தானே இந்த நிலை?

பாதி உண்மை, அதுவும் சின்னப் பாதி. ஆள் அதிகம் என்பது சரி. துறையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படியே கம்பெனிக்கு மாறி வந்தார்கள். 2019 வாக்கில் வருமானத்தில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போனது. கவுன்ட்டரில் முகம் கொடுத்துப் பேசாதவர்களையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் டெண்டரை வெட்டியது லைன்மேன் இல்லை. 4ஜி அலைக்கற்றையைக் காலத்தில் கொடுக்காததும் அவர் இல்லை.

2020 ஜனவரி 31 அன்று, ஒரே நாளில், சுமார் 78,500 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். எல்லாரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். எங்கள் பகுதி லைன்மேனும் அதில் ஒருவர். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவர் தெருமுனைப் பில்லர் பெட்டியைத் திறந்து வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகள், பாதியில் நம்பர் சீட்டே இல்லை. சோதனை போனின் இரண்டு கிளிப்பையும் ஒரு ஜோடியில் மாட்டினார், காதில் வைத்தார், டயல் டோன் வரவில்லை. அடுத்த ஜோடி. மூன்றாவதில் நிறுத்தி, "இதுதான் உங்க லைன், கீழே ஈரம் இறங்கியிருக்கு" என்றார். எந்த ஜோடி எந்த வீட்டுக்குப் போகிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது. அந்தக் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. அவர்களோடு அதுவும் போய்விட்டது. சம்பளச் செலவு பாதியானதைக் கணக்கில் எழுதலாம், இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மூன்று லட்சம் கோடி ரூபாயைக் கொட்டினார்களாமே? மக்கள் வரிப்பணம் இல்லையா?

2019-இல் சுமார் 69,000 கோடி, 2022-இல் 1.64 லட்சம் கோடி, 2023-இல் 89,047 கோடி. கூட்டினால் மூன்று லட்சம் கோடியைத் தாண்டும். கேட்டால் தலை சுற்றும். ஆனால் இது முழுவதும் ரொக்கம் இல்லை. 2022 தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: ரொக்கம் சுமார் 44,000 கோடி மட்டும். மீதி 1.2 லட்சம் கோடி வேறு வகை. அரசு தன்னிடம் உள்ள அலைக்கற்றையைக் கொடுத்து அதற்கு ஒரு விலை போட்டுப் பங்காக எழுதிக்கொள்கிறது. கம்பெனி அரசுக்குத் தர வேண்டிய நிலுவையும் பங்காக மாறுகிறது. கம்பெனியின் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்கிறது. 2023 தொகுப்பு ஏறக்குறைய முழுவதும் அலைக்கற்றையின் விலைதான்.

ரொக்கமும் சின்னத் தொகை இல்லை. அதற்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை. ஆனால் அலைக்கற்றை விலையையும் சேர்த்து "கொட்டிக் கொடுத்தார்கள்" என்று சொல்பவர்கள், 2010-இல் அதே அலைக்கற்றைக்காக பிஎஸ்என்எல் ரொக்கமாகக் கட்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

4ஜி ஏன் இவ்வளவு தாமதம்? இப்போது வந்துவிட்டதா?

ஏர்டெல் 2012-இல் 4ஜி தொடங்கியது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை தருவது என்ற முடிவே 2019-இல்தான் வந்தது. 2020-இல் டெண்டர் விட்டார்கள். அந்த நேரம் எல்லையில் கல்வானில் சீனாவோடு மோதல் நடந்து, சீனக் கருவிகள் வேண்டாம் என்று டெண்டர் ரத்தானது. அப்புறம் அரசு இன்னும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டுக் கருவியே வேண்டாம், உள்நாட்டில் செய்வோம் என்றது. நெட்வொர்க்கின் மையப் பகுதியை அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் செய்தது, டவரில் ஏறும் ரேடியோவை தேஜஸ் நெட்வொர்க்ஸ், எல்லாவற்றையும் பொருத்தி ஓடவைக்கும் பொறுப்பு டிசிஎஸ்ஸுக்கு.

எரிக்சன், நோக்கியா, சாம்சங், ஹுவாவே போன்ற நாலைந்து கம்பெனிகள் மட்டும் செய்துவந்த வேலை இது. முதல் முறை செய்யும்போது தடுமாற்றம் இருக்கும், இருந்தது. பேச்சு பாதியில் அறுந்தது, டேட்டா நின்றது. அதே நேரம் 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றியதால் லட்சக்கணக்கானவர்கள் பிஎஸ்என்எல்லுக்கு மாறி வந்தார்கள். நெட்வொர்க் தயாராகாத நேரத்தில் வந்த கூட்டம் என்பதால் பலர் கசப்போடு திரும்பிப் போனார்கள். எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம் இது.

2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் இந்த உள்நாட்டு 4ஜியை முறைப்படி தொடங்கிவைத்தார். 97,500-க்கும் மேற்பட்ட டவர்கள், செலவு சுமார் 37,000 கோடி ரூபாய். இதே கருவிகளைப் பிற்பாடு 5ஜிக்கு மேம்படுத்த முடியும் என்கிறார்கள்.

பழைய சிம்மை மாற்ற வேண்டுமா?

ஆமாம். 2ஜி, 3ஜி காலத்துச் சிம்மில் 4ஜி வராது. ஆதாரோடு வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போனால் அதே நம்பரில் புதிய சிம் தருவார்கள். மாற்றிய பிறகும் "4ஜி வரலே" என்றால் போனைப் பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜி பெரும்பாலும் 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. 700 தூரம் போகும், சுவரையும் தாண்டும், ஆனால் சில பழைய போன்களுக்கு அது தெரியாது. பேசும்போது நெட் நின்றுபோனால் போன் செட்டிங்கில் வோல்ட்டியை (VoLTE, 4ஜி வழியாகவே பேசும் வசதி) ஆன் செய்து பாருங்கள்.

நம்பரை மாற்றாமல் பிஎஸ்என்எல்லுக்கு வர, அல்லது வெளியே போக என்ன செய்வது?

எந்தக் கம்பெனிக்கும் ஒரே வழிதான். ஆங்கிலத்தில் PORT என்று தட்டி, இடம் விட்டு உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திரும்பி வரும் எட்டு எழுத்துக் குறியீடு நான்கு நாள் செல்லும். அதோடு ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போக வேண்டும். ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். ஒரு கம்பெனியில் குறைந்தது 90 நாள் இருந்திருக்க வேண்டும், பில் பாக்கி இருக்கக் கூடாது. சமீபத்தில் சிம் மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். மாறுவதற்கு முன் உங்கள் வீட்டுக்குள், அடுப்படியில், படுக்கையறையில் சிக்னல் எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரரின் பிஎஸ்என்எல் போனை வாங்கிப் பார்த்துவிடுங்கள். விளம்பரத்தைவிட அது நம்பகமானது.

கரண்ட் போனால் சிக்னலும் போகிறதே?

டவரில் உள்ள பேட்டரி பழையதாகிவிட்டது, அல்லது ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கம்பெனி கையில் காசில்லாத ஆண்டுகளில் முதலில் கைவைக்கப்பட்டது இந்தச் செலவில்தான். புதிய டவர்களில் நிலைமை பரவாயில்லை. உங்கள் ஊரில் தினமும் இப்படி நடந்தால் டவர் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். "சிக்னல் இல்லை" என்ற பொதுவான புகாரைவிட இதற்குப் பதில் கிடைக்கும்.

லேண்ட்லைன் இன்னும் தேவையா? அது மட்டும் கரண்ட் இல்லாமல் எப்படி வேலை செய்தது?

செம்புக் கம்பி வழியாகவே எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் உங்கள் போனுக்கு வரும். எக்ஸ்சேஞ்சில் அறை நிறையப் பேட்டரி, அதற்குப் பின்னால் டீசல் இன்ஜின். ஊரே இருட்டில் இருந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன்கள் ஊமையாகிப் போனபோது, பல வீடுகளில் மூலையில் தூசி படிந்து கிடந்த லேண்ட்லைன்தான் பேசியது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: செம்புக் கம்பியின் காலம் முடிந்துவிட்டது. ரோடு தோண்டும்போது அறுகிறது, திருடு போகிறது, ஈரம் இறங்குகிறது, சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். உங்கள் பழைய லேண்ட்லைன் நம்பரை அப்படியே ஃபைபருக்கு மாற்றிக்கொள்ளலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்த நம்பரை விட்டுவிடாதீர்கள். முப்பது வருடமாக அவர்களுக்கு மனப்பாடமான நம்பர் அது. ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும், ஆகவே ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

ஃபைபர் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஒரே ஒரு விசாரணைக்குப் பிறகு. பெரும்பாலான இடங்களில் கம்பியை உங்கள் வீடு வரை இழுத்து, பழுதானால் வந்து பார்ப்பது பிஎஸ்என்எல்லோடு கூட்டுச் சேர்ந்த உள்ளூர் கேபிள்காரர் போன்ற ஒருவர்தான். வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அதனால் ஒரு தெருவில் அருமையாக இருக்கும், அடுத்த தெருவில் வாரம் முழுக்கச் செத்துக் கிடக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். அவர் யார், லைன் அறுந்தால் எத்தனை நாளில் வருகிறார் என்று ஏற்கெனவே இணைப்பு வைத்திருப்பவரிடம் கேளுங்கள். ஃபைபர் வழியாக டிவி சேனல் பார்க்கும் சேவையையும் 2024 அக்டோபரில் முதலில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் தொடங்கினார்கள்.

போன், நெட் தவிர வேறென்ன தொழில் செய்கிறார்கள்?

நமக்குக் கண்ணில் படாத தொழில்கள்தான் அதிகம். வங்கிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் தனி லைன் கொடுக்கிறார்கள். சொந்த டவரில் இடத்தைத் தனியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ராணுவத்துக்கு மட்டுமே உரிய தனி ஃபைபர் நெட்வொர்க்கைக் கட்டியது இவர்கள்தான், அந்தத் திட்டத்தின் மதிப்பு 24,000 கோடிக்கு மேல். மொபைல் எட்டாத கடலிலும் மலையிலும் பேச சாட்டிலைட் போன் கொடுக்கிறார்கள். நமது தாசில்தார், மின்வாரியப் பொறியாளர் நம்பர்கள் பலவும் 9445 என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள், அதுவும் இவர்கள் வரிசை.

எனக்குப் பிடித்தது கடலடிக் கேபிள். அந்தமானுக்கு முன்பெல்லாம் சாட்டிலைட் வழியாகத்தான் நெட். ஒரு போட்டோ போய்ச் சேர ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அங்கே நம் ஆட்களும் நிறைய இருக்கிறார்கள், வேலைக்கும் வியாபாரத்துக்கும் போய்த் தலைமுறைகளாகத் தங்கிவிட்டவர்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளைக் கடலுக்கு அடியில் போட்டார்கள். செலவு 1,224 கோடி ரூபாய். 2020 ஆகஸ்ட் 10 அன்று அது திறக்கப்பட்டது, ஊரடங்கில் பிள்ளைகள் போனில் பாடம் படித்துக்கொண்டிருந்த நேரம். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் இதேபோல் 1,800 கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்டு 2024 ஜனவரியில் திறந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசைக்கு 2006-இல் ஒரு கடலடிக் கேபிள் போனது. அது பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து செய்தது.

தந்தி என்ன ஆனது?

2013 ஜூலை 14 இரவோடு நிறுத்தப்பட்டது. கடைசி நாளில் நினைவுக்காகத் தந்தி கொடுக்க நாடு முழுக்க வரிசையில் நின்றார்கள்.

தனியாரே எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அரசுக் கம்பெனி எதற்கு?

எல்லா ஊரிலும் இல்லை. 2022-இல் அரசு எடுத்த கணக்கில் 4ஜி இல்லாத கிராமங்கள் 24,680. மலைமேல், காட்டுக்குள், எல்லையில், தீவில் இருப்பவை. டவர் போட்டால் ஐம்பது வீடு பேசும், வருமானம் டீசலுக்கே காணாது. அங்கெல்லாம் டவர் போடும் 26,316 கோடி ரூபாய் வேலை பிஎஸ்என்எல்லிடம்தான் வந்தது. மாவோயிஸ்ட் நடமாட்டம் இருந்த மாவட்டங்களில் 2,300-க்கும் மேற்பட்ட டவர்களை நிறுத்தியதும் அவர்கள்தான். மொபைல் சந்தையில் இன்று இவர்கள் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே. அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் இந்த ஊர்கள் கண்ணுக்குத் தெரியாது.

புகார் கொடுத்தும் வரவில்லை. அடுத்து என்ன?

1800-4444-இல் புகாரைப் பதிவு செய்ததும் ஒரு புகார் எண் தருவார்கள். அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், நாளையும் நேரத்தையும் சேர்த்து. குறித்த காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் அந்த வட்டத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் புகார் எண் இல்லாமல் மேல்முறையீடு எடுக்க மாட்டார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து, அதே எண்ணைப் போட்டுத் தமிழிலேயே எழுதலாம். முதல் வரியில் உங்கள் நம்பர், இரண்டாவது வரியில் எத்தனை நாளாக லைன் இல்லை. கோபத்தை மூன்றாவது வரியில் வைத்துக்கொள்ளுங்கள்.